பெட்டிக்குள் ஒரு கார், கம்ப்யூட்டருக்குள் அதன் அளவு

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பிளாஸ்டிக் காருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் ஸ்கேல் மாடல் கார் கிட்டை வாங்கி ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கை வேலை பாதி என்றால் கணக்கு வேலை மீதிப் பாதி. அந்தக் கணக்கையும், எழுத்து அச்சிடுவதையும், வாங்கிச் சேர்த்த பெட்டிகளின் பட்டியலையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் எப்படிச் செய்வது என்பதே இந்த மாதப் பாடம். தேவையானவை மூன்று: ஒரு ஸ்ப்ரெட்ஷீட் (எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்), இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை சாஃப்ட்வேர், ஒரு பிரிண்டர். ஸ்கேனர் இருந்தால் இன்னும் நல்லது.

கோவைக்காரர்களுக்கு இந்தப் பாடம் சற்று எளிது. இங்கே பவுண்டரித் தொழிலில் பேட்டர்ன் செய்பவர்கள் அளவு விகிதத்தோடு வாழ்பவர்கள். உருக்கிய வார்ப்பிரும்பு குளிரும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும் என்பதால், அந்த அளவுக்குப் பெரிதாகவே பேட்டர்னைச் செய்கிறார்கள். அதற்கென்றே தனி ஸ்கேல் வைத்திருப்பார்கள். மாடல் காரிலும் இதே கதைதான். அங்கே 1 சதவீதம். இங்கே 24-ல் ஒரு பங்கு.

ஸ்கேல் என்றால் என்ன?

பெட்டியின் மேல் 1/24 என்று போட்டிருந்தால், உண்மைக் காரின் 24 மி.மீ. மாடலில் 1 மி.மீ. என்று பொருள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 1 அடிக்கு அரை அங்குலம் என்று வைத்தால் 1/24 வரும். 1 அடிக்கு முக்கால் அரைக்கால் அல்ல, 8-ல் 3 பங்கு அங்குலம் என்று வைத்தால் 1/32. பிரிட்டனில் ஓ கேஜ் என்ற பொம்மை ரயில்களை 1 அடிக்கு 7 மி.மீ. என்ற கணக்கில் செய்தார்கள், 304.8 மி.மீ.யை 7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 43.5. சிறிய டை காஸ்ட் கார்களில் பரவலாக இருக்கும் 1/43 அந்த வழியில் வந்ததே. ஜப்பான் கிட்களில் 1/24 அதிகம், அமெரிக்கக் கிட்களில் 1/25 அதிகம்.

24-க்கும் 25-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். கணக்கைப் போட்டே பார்ப்போம்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் முதல் பயிற்சி

நம் எல்லோருக்கும் தெரிந்த அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். 2014-ல் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. நீளம் 4325, அகலம் 1662, உயரம் 1593, முன் பின் சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ், 2464. எல்லாம் மில்லிமீட்டரில்.

1. புதிய ஷீட்டைத் திறக்கவும். முதல் வரிசையில் முதல் இரண்டு கட்டங்களை விட்டுவிட்டு, அடுத்த மூன்று கட்டங்களில் 24, 25, 43 என்று டைப் செய்யவும். இவை உங்கள் ஸ்கேல்கள்.

2. இரண்டாம் வரிசையிலிருந்து, முதல் கட்டத்தில் பாகத்தின் பெயர், இரண்டாம் கட்டத்தில் உண்மை அளவு என நான்கு அளவுகளையும் கொடுக்கவும்.

3. 24-க்குக் கீழே உள்ள கட்டத்தில் சமக்குறி போட்டு, உண்மை அளவுள்ள கட்டத்தைக் கிளிக் செய்து, வகுத்தல் கோடு போட்டு, மேலே 24 உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். விடை 180.2 வரும்.

4. இந்த ஃபார்முலாவை அப்படியே கீழே இழுத்தால் பிழை வரும். ஏனென்றால் 24 இருக்கும் கட்டமும் சேர்ந்து கீழே நகர்ந்துவிடும். நகராமல் நிறுத்த வரிசை எண்ணுக்கு முன் டாலர் குறி வேண்டும். உண்மை அளவுக்கு நெடுவரிசை எழுத்தின் முன் டாலர் குறி வேண்டும். ஃபார்முலாவில் கர்சரை வைத்து எஃப் 4 விசையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் டாலர் குறி இடம் மாறிக்கொண்டே வரும். வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தவும். இப்போது பக்கவாட்டிலும் கீழேயும் இழுக்கலாம்.

வரும் விடைகள் இவை (மி.மீ.):

நீளம்: 1/24-ல் 180.2, 1/25-ல் 173.0, 1/43-ல் 100.6
அகலம்: 69.3, 66.5, 38.7
உயரம்: 66.4, 63.7; 37.0
வீல்பேஸ்: 102.7, 98.6, 57.3

24-க்கும் 25-க்கும் நீளத்தில் மட்டும் 7 மி.மீ.க்கு மேல் வித்தியாசம். உண்மைக் காரில் அது சுமார் 17 செ.மீ. ஒரு கிட்டின் சக்கரத்தை இன்னொரு கிட்டில் மாட்டும்போது ஏன் பொருந்துவதில்லை என்பது இப்போது புரியும்.

இதே ஷீட்டில் இன்னொரு வேடிக்கைக் கணக்கு. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. நீளம். அதை 1/24-ல் செய்தால் 87.5 மீட்டர். மாடல் கார் அலமாரியில் அடங்கும். அது ஓட வேண்டிய பாதைக்கு ஒரு தெருவே வேண்டும்!

பெட்டி வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

வாங்கிய அன்றே ஒட்ட ஆரம்பிப்பவர்கள் குறைவு. பலரிடம் பிரிக்காத பெட்டிகள் வரிசையாக இருக்கும். பத்து வருடம் கழித்துத் திறந்தால் உள்ளே இருப்பது நல்லபடி இருக்க வேண்டாமா? அதற்கு மூன்று வேலைகள்.

முதலாவது, டெக்கால் ஷீட்டை ஸ்கேன் செய்வது. டெக்கால் என்பது தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் மெல்லிய படம். நாளாக ஆக அது மஞ்சளாகும், ஒட்டும்போது நொறுங்கும். பெட்டி புதிதாக இருக்கும்போதே 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து வையுங்கள். ஸ்கேல் குறிப்புக்காக ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் பக்கத்தில் வைத்தே ஸ்கேன் செய்யவும். ஜேபெக் ஃபார்மேட் வேண்டாம். எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் படிந்ததுபோல் ஆகும். பி.என்.ஜி. அல்லது டிஃப் ஃபார்மேட்டில் சேமிக்கவும். செய்முறைத் தாளையும் இதேபோல் ஸ்கேன் செய்யலாம்.

இரண்டாவது, டயர்களைத் தனியாகப் பிரிப்பது. பல கிட்களில் டயர் மிருதுவான பி.வி.சி.யில் இருக்கும். அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து, பக்கத்தில் படும் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சில வருடம் கழித்துப் பார்த்தால் கண்ணாடிப் பாகத்தில் டயரின் தடம் உருகிப் பதிந்திருக்கும். அதற்கு மருந்து கிடையாது. ஆகவே டயர்களைத் தனிப் பையில் போட்டு வையுங்கள்.

மூன்றாவது, இடம். ஓட்டு வீட்டின் பரணும் தகரக் கூரையின் அடியும் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் பாகங்கள் வளையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை வைத்துவிட்டுக் கடைக்குப் போவதும் கூடாது.

இப்போது அதே ஸ்ப்ரெட்ஷீட் ஃபைலில் இரண்டாவது ஷீட் ஒன்றைத் திறந்து பட்டியல் போடுங்கள். தலைப்புகள்: தயாரிப்பாளர், பெட்டி எண், காரின் பெயர், ஸ்கேல், வாங்கிய தேதி, மொத்தச் செலவு, வைத்திருக்கும் இடம், டெக்கால் ஸ்கேன் ஆயிற்றா, டயர் பிரித்தாயிற்றா, நிலை. "நிலை" என்பதில் பிரிக்காதது, பாதி, முடிந்தது என்று மூன்றே சொற்களைப் பயன்படுத்தவும். டேட்டா மெனுவில் ஆட்டோ ஃபில்டரைப் போட்டால், "டயர் பிரிக்காத பெட்டிகள் எவை" என்று ஒரே கிளிக்கில் தெரியும். மொத்தச் செலவில் கூரியரையும், வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரியையும் சேர்த்தே எழுதவும். இந்தப் பட்டியலை ஒழுங்காக வைத்திருந்தால் ஒரே கிட்டை இரண்டு முறை வாங்கும் தவறு நடக்காது.

ஒட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாகங்கள் ஒரு சட்டத்தில் கிளைபோல ஒட்டியிருக்கும். முறுக்கிப் பிய்க்காதீர்கள், சிறிய கட்டர் கொண்டு சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்க்கவும். 400-ல் ஆரம்பித்து 1000 வரை போகலாம். அச்சிலிருந்து எளிதில் கழன்று வரப் பூசிய எண்ணெய்ப் பசை பாகங்களில் இருக்கலாம். சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தால்தான் பெயிண்ட் பிடிக்கும்.

ஒட்டுவதற்கு மூன்று பசைகள். பிளாஸ்டிக் சிமென்ட் இரு பக்கத்தையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடும். அதனால் உறுதி அதிகம், ஆனால் பெயிண்ட் பூசிய இடத்தில் பிடிக்காது. சூப்பர் குளு உலோகப் பாகங்களுக்குச் சரி. கண்ணாடிப் பாகங்களின் பக்கம் கொண்டுபோனால் அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். கண்ணாடிக்குப் பள்ளிக்கூட வெள்ளைப் பசையே போதும்.

பெயிண்டைப் பற்றி நம் ஷீட் ஒரு நல்ல பாடம் சொல்லும். மாடலில் 0.1 மி.மீ. தடிமனாகப் பெயிண்ட் படிந்தால், 24-ஆல் பெருக்குங்கள்: உண்மைக் காரில் 2.4 மி.மீ. தடிமன் பூசியதற்குச் சமம். கதவு இடுக்கெல்லாம் அடைந்து, கார் சோப்புக்கட்டி போல் தெரிவது இதனால்தான். மெல்லிய பூச்சாக மூன்று முறை பூசுவது, ஒரே முறை தடிமனாகப் பூசுவதைவிட எப்போதும் நல்லது.

நம் ஊர்க் காலநிலையையும் கணக்கில் எடுக்கவும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தூசி பறக்காதா? ஆனி, ஆடி மாதங்களில் திண்ணையில் பெயிண்ட் அடிக்காதீர்கள். காற்றோட்டமுள்ள அறையில் மாஸ்க் போட்டுக்கொண்டு அடித்து, உடனே ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மூடவும். ஐப்பசி அடைமழை நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் ஈரப்பதத்தால் மேலே வெண்மை பூக்கும். வெயில் வரும்வரை பொறுக்கவும்.

நம்பர் பிளேட் தயாரிப்போம்

கிட்டில் வருவது ஜப்பான் அல்லது ஐரோப்பிய நம்பர் பிளேட். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலோ மினியோ செய்து முடித்து, அதில் நம் ஊர் எண்ணைப் போட்டால் அந்தக் கார் வேறு காராகிவிடும். கோவை தெற்குக்கு டி.என். 37, வடக்குக்கு 38, ஈரோட்டுக்கு 33, பொள்ளாச்சிக்கு 41 என்பது உங்களுக்குத் தெரியும்.

காருக்கான நீள வடிவ நம்பர் பிளேட்டின் அளவு 500 x 120 மி.மீ. எழுத்தின் உயரம் 65, கோட்டின் தடிமன் 10. இவற்றை ஷீட்டில் கொடுத்தால் 1/24-ல் பிளேட் 20.8 x 5.0 மி.மீ. எழுத்து உயரம் 2.7 மி.மீ. கோட்டுத் தடிமன் 0.42 மி.மீ.

இந்த 0.42 முக்கியம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. 300 டி.பி.ஐ.யில் 0.42 மி.மீ.க்கு 5 புள்ளிகள் கிடைக்கும். 600-ல் 10 புள்ளிகள். வெப்சைட்டிலிருந்து எடுத்த 72 டி.பி.ஐ. படத்திலோ 1 புள்ளிதான் மிஞ்சும். சின்ன எழுத்து மங்கலாக வருவதற்குப் பிரிண்டரைத் திட்டுவது தவறு. படத்தில் புள்ளிகளே இல்லை. ஆகவே இதைப் புள்ளிகளால் ஆன படமாகச் செய்யாமல், கோடுகளால் ஆன வெக்டர் படமாக இன்க்ஸ்கேப்பில் செய்வோம்.

1. ஃபைல் மெனுவில் டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸ் சென்று, பக்கத்தை ஏ 4 ஆகவும் அலகை மில்லிமீட்டராகவும் மாற்றவும்.

2. செவ்வகக் கருவியால் ஒரு கட்டம் வரைந்து, மேலே உள்ள அகல, உயரக் கட்டங்களில் 20.8, 5.0 என்று கொடுக்கவும். ஓரக்கோட்டை நீக்கிவிடவும். ஓரக்கோடு இருந்தால் அதன் தடிமனும் அளவோடு சேரும். சொந்தக் கார் என்றால் வெள்ளை நிறம், வாடகைக் கார் என்றால் மஞ்சள். எழுத்து இரண்டிலும் கறுப்பு.

3. எழுத்துக் கருவியால் எண்ணை டைப் செய்யவும். ஃபான்ட் சைஸ் வேறு, எழுத்தின் உண்மை உயரம் வேறு. எனவே பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து எழுத்தை வடிவமாக்கி, பூட்டுக் குறியை அழுத்திய பின் உயரத்தை 2.7 என்று கொடுக்கவும். அகலமும் விகிதப்படி மாறும்.

4. இரண்டையும் தேர்ந்தெடுத்து நடுவில் பொருத்தி, ஒரு குரூப்பாக்கி, பத்துப் பிரதிகள் எடுக்கவும். ஒட்டும்போது ஒன்றிரண்டு கிழியும்.

5. பிரிண்ட் கொடுக்கும் முன் கவனம். "ஃபிட் டு பேஜ்" என்ற இடத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, 100 சதவீதம் அல்லது "ஆக்சுவல் சைஸ்" என்பதைத் தேர்வு செய்யவும். முதலில் சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்து அளந்து பார்க்கவும். 20.8-க்குப் பதில் 20.1 வந்தால் பிரிண்டர் பக்கத்தைச் சுருக்கியிருக்கிறது என்று பொருள்.

வீட்டுப் பிரிண்டர் வெள்ளை நிறத்தை அச்சிடாது. தாளின் வெள்ளையைத்தான் நாம் வெள்ளையாகப் பார்க்கிறோம். ஆகவே நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை டெக்கால் பேப்பர் வாங்கவும். கதவில் ஒட்டும் கறுப்பு எழுத்துக்கு மட்டும் ஒளிபுகும் பேப்பர். இங்க்ஜெட்டுக்கும் லேசருக்கும் டெக்கால் பேப்பர் வேறு வேறு. லேசர் பிரிண்டர் உள்ளே சூடாகும் என்பதால் மாற்றிப் போடக்கூடாது.

இங்க்ஜெட்டில் அச்சிட்டவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. மை நீரில் கரையும். நான் முதன்முதலில் செய்தபோது, அச்சிட்ட ஷீட்டை அப்படியே வெட்டித் தண்ணீரில் போட்டேன். அரை நிமிடத்தில் கிண்ணம் முழுவதும் கறுப்பு. பிளேட்டில் ஓர் எண்கூட இல்லை. முதலில் ஒளிபுகும் ஸ்ப்ரே வார்னிஷை மெல்லியதாக இரண்டு, மூன்று முறை அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். பிறகு ஓரத்தை ஒட்டி வெட்டி, அரை நிமிடம் ஊறவைத்து, விரலால் தள்ளிப் பார்த்து நகர்ந்தால் மாடலில் வழுக்கி ஏற்றவும். ஒட்டும் இடம் பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான பெயிண்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும்.

கிட் வராத கார்கள்

இதுவரை பார்த்தது பெட்டியில் வரும் கார். பெட்டியில் வராத கார்களை என்ன செய்வது?

ஜப்பானின் தமியா நிறுவனம் 1976-ல் 1/12 அளவில் போர்ஷே 934 மாடலைக் கொண்டுவந்தது. அதற்காக ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கி, பிரித்துப் பார்த்து அளவெடுத்தார்கள். விற்பனை நிச்சயம் என்பதால் அந்தச் செலவு கட்டுப்படியானது. நம் ஊர்க் கார்களுக்கு யார் அப்படிச் செய்வார்கள்? 1980-களின் பிற்பகுதியில் கோவையின் எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். நரேன் கார்த்திகேயன் உட்படப் பலர் அதில் ஓட்டிப் பழகியவர்கள். 2005-ல் நரேன் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1-ல் ஓட்டினார். அந்த வருட அமெரிக்க கிராண்ட் பிரியில் நான்காம் இடம். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் பந்தயப் பாதை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு போர்ஷேயின் அளவு எங்கும் கிடைக்கும். ஷெட்டில் நிற்கும் பழைய ஃபார்முலா மாருதியின் அளவோ, உங்கள் தாத்தா ஓட்டிய டாக்ஸியின் கேரியர் அளவோ யாரும் எழுதி வைக்காவிட்டால் இரும்புக் கடைக்குப் போகும் நாளில் அதோடு போய்விடும். மாடலை என்றைக்கு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அளவை, கார் நிற்கும்போதுதான் எடுக்க முடியும்.

உரிமையாளரின் அனுமதியோடு டேப்பும் வெர்னியரும் கொண்டு அளக்கவும். தொட்டு அளக்க முடியாத இடத்தில் ஃபோட்டோ போதும். முடிந்தவரை தள்ளி நின்று, ஜூம் செய்து, காரின் பக்கவாட்டுக்கு நேர் எதிரே, சக்கரத்தின் மைய உயரத்தில் கேமராவை வைத்து எடுக்கவும். பக்கத்தில் நின்று எடுத்தால் முன்னும் பின்னும் வளைந்து தெரியும். படத்தை ஜிம்ப் போன்ற சாஃப்ட்வேரில் திறந்து, அளவுக் கருவியால் வீல்பேஸ் எத்தனை பிக்சல் என்று பார்க்கவும். அம்பாசடரின் வீல்பேஸ் 1232 பிக்சல் வந்தால், 2464-ஐ 1232-ஆல் வகுக்க, 1 பிக்சலுக்கு 2 மி.மீ. சரிபார்க்க மொத்த நீளத்தை அளக்கவும்; 2162 பிக்சலை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் படம் கோணலாக எடுக்கப்பட்டிருக்கிறது. சரியாக வந்தால், கதவுக் கைப்பிடி முதல் கேரியர் வரை எல்லாவற்றையும் இந்தப் படத்திலிருந்தே எடுக்கலாம்.

கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடீ கார் மியூசியம் 2015-ல் திறக்கப்பட்டது. பல நாட்டுப் பழைய கார்கள் அங்கே நிற்கின்றன. போகும்போது விதிமுறைகளைக் கேட்டறிந்து, ஒரு நோட்டும் எடுத்துச் செல்லுங்கள். கண்ணால் பார்த்துக் குறித்த விவரம் எந்தப் பெட்டிப் படத்தைவிடவும் மேல்.

இந்த மாதப் பயிற்சி

வீட்டில் ஒரு கார் அல்லது ஸ்கூட்டர் இருக்கும். அதில் இருபது அளவுகள் எடுத்து, மேலே சொன்ன ஷீட்டில் ஏற்றி, 1/24-க்கு மாற்றுங்கள். தேதி, வண்டியின் மாடல் வருடம், அளந்தவர் பெயர் மூன்றையும் மறக்காமல் எழுதி, ஃபைலுக்கு இரண்டு பிரதிகள் எடுத்து வேறு வேறு இடத்தில் வைக்கவும். இன்று பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டிச் செய்தாலும், நாளை 3டி பிரிண்டரில் அச்சிட்டாலும், கேட்கப்போவது இந்த இருபது எண்களைத்தான்.